ஆலம்பேரியில் நிறம் கட்டும் சனிக்கிழமை

மேற்கே மலை, கிழக்கே குளம், ரெண்டுக்கும் நடுவே ஒரு கடைத்தெரு, ஒரு பஸ் ஸ்டாண்டு, அதில் இந்தா புறப்பட்டுவிட்டேன் என்று உறுமிக்கொண்டே அரைமணி நேரம் நிற்கிற சுரண்டை பஸ், இவ்வளவுதான் ஆலம்பேரி. அந்த ஊருக்கு மழைக்காலம் உண்டு, வெயில்காலம் உண்டு, சாரல் உண்டு, கல்யாணக்காலம் உண்டு, இலையுதிர் காலம் மட்டும் பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் இருந்தது. ஊரிலுள்ள வேம்பும் புளியும் இலை உதிர்க்க நாள் நட்சத்திரம் பார்க்கிறதில்லை, நினைத்தால் நாலு உதிர்க்கும், நினைக்காவிட்டால் அதுவும் கிடையாது. அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு புரட்டாசி கடைசியில் இலையுதிர் காலம் வந்து சேர்ந்தது. வழி தவறி வந்ததோ, மரங்கள்தான் எங்களுக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டனவோ, மரத்துக்குப் போகாமல் அது மனுசர் தலைக்கு வந்துவிட்டது.

கடைசிச் சனிக்கிழமை விடியும்போது ஊரிலிருந்த அத்தனை தலைமுடியும் கறுப்பு போய், நரையும் போய், வடிகஞ்சி நிறத்தில் இருந்தது. பெருமாளுக்குத் தளிகை போட எழுந்த பெண்கள் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்கள், புருசன்மார் தலையைப் பார்த்தார்கள், பிறகு உளுந்து ஊறியது புளித்துப்போகுமே என்று வடைக்கு ஆட்டப் போனார்கள். தண்ணீர்தான் காரணம் என்றார்கள் சிலர், பாக்கெட் ஷாம்புதான் என்றார்கள் சிலர். டாக்டரம்மா நாலு முடியைப் புட்டியில் அடைத்துப் பட்டணத்துக்கு அனுப்பினார், அங்கே ஒரு மாதம் வைத்துப் பார்த்து ‘இது முடிதான்’ என்று எழுதி அனுப்பினார்கள். அதற்குள் பால்காரத் தங்கபுஷ்பம் அந்தக் காரியத்தின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்திருந்தாள். அன்றைக்குப் பார்த்து மண்டையிடி என்று ஒரு கிளிப்பச்சை ரவிக்கைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் தெருத்தெருவாகப் பால் ஊற்றினாள். பொழுது சாய வீட்டுக்கு வந்து அவிழ்த்தால் தலை கிளிப்பச்சை, துணி தும்பைப்பூவாக வெளுத்துக் கிடந்தது. மண்டையிடி மட்டும் அப்படியே இருந்தது.

அந்த ஒரு நாள், கிழக்கே வெளுத்ததிலிருந்து மேற்கே மங்குகிற வரைக்கும், முடி எந்தத் துணியைக் கட்டினாலும் அதன் நிறத்தைக் குடிக்கும். குடித்த நிறம் சோப்புக்குப் போகாது, சீயக்காய்க்குப் போகாது, கார்த்திகையில் சொக்கப்பனை கொளுத்தின மறுநாள் காற்றில் முடியோடு சேர்ந்துதான் போகும். அன்றைக்கு ஆலம்பேரித் தெருவில் நடந்தால் கணுக்கால் வரைக்கும் முடி கிடக்கும், மஞ்சளும் அரக்கும் நாவல்பழமும் கலந்து கிடக்கும், பஞ்சாயத்து வண்டி நாலு நடை அடிக்கும், காக்காய்கள் அந்த வருஷத்துக் கூட்டைக் கலர் கலராகக் கட்டும். மார்கழி முழுக்க ஊர் தலையில் துண்டோடு கோலம் போடும், தை பிறக்கும்போது ரெண்டு விரக்கடைக்குக் கறுப்பாய் முளைத்திருக்கும்.

ரெண்டாம் வருஷம் ஜனங்கள் தயாராக இருந்தார்கள். மூன்றாம் வருஷம் அதற்குச் சட்டதிட்டம் வந்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் யூனிபாரம் நிறம்தான் கட்டவேண்டும் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். கட்சிக்காரர்கள் யாரும் சொல்லாமலே அவரவர் கொடியைக் கட்டினார்கள், ஒரே ஒருத்தர் மட்டும் எதற்கும் இருக்கட்டுமென்று நடுவகிடு எடுத்து ரெண்டு கொடியைக் கட்டினார். வழுக்கைத் தலைக்காரர்கள் காதோரம் இருக்கிற நாலு முடிக்குக் கைக்குட்டை சுற்றிக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தார்கள். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் நிறம் கட்டுகிறதில்லை, கஞ்சித் தலையாகவே இருப்பார்கள், பார்த்தவுடன் துக்கம் விசாரிக்கச் சௌகரியம். வெளுத்த துணிகளை வீட்டுக்கு வீடு இட்லித் தட்டுக்குப் போட்டுக்கொண்டார்கள். சுரண்டை பஸ் கண்டக்டர் மட்டும் ‘ஆலம்பேரி மத்தாப்பெல்லாம் இறங்கு’ என்று சொல்லிப் பார்த்தார், பிறகு அவருக்கும் சலித்துப்போனது.

இதிலெல்லாம் ஒரு சங்கடம் இருந்தது. நிறம் கட்டுகிறது எளிது, எந்த நிறம் எந்த முகத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று சொல்கிறதுதான் பாடு. தப்பாகக் கட்டினால் ரெண்டு மாசம் அந்தத் தலையோடுதான் நடக்கவேண்டும். அதற்கு ஊர் நம்பியிருந்தது ஒரே ஒருத்தியை. அவள் பெயர் செண்பகவடிவு.

பீர்முகம்மது ராவுத்தருடைய மேட்சிங் சென்டரில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறாள் செண்பகவடிவு. ரவிக்கைத் துணிக் கடை அது. தரையிலிருந்து கூரை வரைக்கும் துணிக்கட்டு, பச்சையில் மட்டும் நாற்பது பச்சை. சேலையைக் கொண்டுபோய் நீட்டினால் அவள் முந்தியின் ஒரு முனையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவருவாள், டியூப்லைட்டை நம்பமாட்டாள், ஒருதரம் பார்ப்பாள், திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி நூற்றுக்கணக்கான கட்டில் ஒரு கட்டை உருவுவாள். சேலையையும் துணியையும் சேர்த்து வைத்தால் எங்கே அது முடிகிறது எங்கே இது தொடங்குகிறது என்று சொல்லமுடியாது. ஊருக்கு இலையுதிர் காலம் வந்த பிறகு அவளிடம் சேலையோடு வந்தவர்கள் முகத்தோடும் வர ஆரம்பித்தார்கள். முகத்துக்குச் சொல்கிறதிலும் அவள் தப்பினதில்லை. கன்னத்தோரம் ஒரு துண்டு, ரெண்டு துண்டு வைத்துப் பார்ப்பாள், மூன்றாவதுக்குப் போகமாட்டாள்.

“யக்கா, எனக்கு மயில்கழுத்து எப்படியிருக்கும்?” என்று கேட்டால், “மயிலுக்கு நல்லாருக்கும். நீ பாக்கு நெறம் கட்டு” என்பாள். கட்டினவள் ரெண்டு மாசத்துக்குக் கண்ணாடியை விட்டு நகரமாட்டாள்.

அது அவள் புருசன் சுடலைமுத்து இருந்த காலம்.

சுடலைமுத்து மினிபஸ் ஓட்டினவர். ரெண்டரை வருஷத்துக்கு முந்தி ஒரு சித்திரை மாதத்தில், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பாதி டீயைக் குடித்துவிட்டு, மீதி டம்ளரைப் பெஞ்சில் சிந்தாமல் வைத்துவிட்டு, அப்படியே சாய்ந்துவிட்டார். சொல்லியனுப்பினபோது செண்பகவடிவு ஒரு வாடிக்கைக்குத் துணி கிழித்துக்கொண்டிருந்தாள். கிழித்ததை மடித்துக் கொடுத்துவிட்டுத்தான் புறப்பட்டாள். அழுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். மூன்றாம் நாள் காத்திருந்தார்கள், பதினாறாம் நாள் காத்திருந்தார்கள், பிறகு அவரவர் ஜோலி இருக்கிறதே, போய்விட்டார்கள். அவளுக்கும் அழுகை வரும் வரும் என்றுதான் இருந்தது. வரவில்லை. சோறு இறங்கியது, தூக்கம் வந்தது, உடம்பில் ஒரு குறையும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் எப்படி இருக்குமோ அப்படி உடம்பு முழுக்க இருந்தது. கிள்ளிப் பார்த்தால் கிள்ளுகிறது தெரிந்தது, வலி மட்டும் தெரியவில்லை.

அந்த வருஷம் அவள் நிறம் கட்டவில்லை, அது ஊர் வழக்கம். அடுத்த வருஷமும் கட்டவில்லை, அது வழக்கமில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஊரே கொன்றை மஞ்சளும் முருங்கைப் பச்சையுமாய் நடந்துபோகிற தெருவில் அவள் வடிகஞ்சித் தலையோடு கடைக்குப் போய் வந்தாள். அவள் யாரிடமும் சொல்லாத விஷயம் இன்னொன்று இருந்தது. முகம் பார்த்து நிறம் சொல்கிற அந்த வித்தை அவளைவிட்டுப் போயிருந்தது. நிறமெல்லாம் தெரியும், எது எந்தத் தட்டில் என்று தெரியும், சேலைக்குத் துணி பொருத்த வரும். ஆனால் ஒரு முகத்துக்குப் பக்கத்தில் துணியைக் கொண்டுபோனால் முகம் முகமாக நிற்கும், துணி துணியாக நிற்கும், ரெண்டும் ஒன்றோடொன்று பேசாது. என்ன செய்தாள் என்றால், ஞாபகத்தை வைத்து ஓட்டினாள். யாருக்கு முன்னே என்ன சொன்னோமோ அதையே சொன்னாள்.

“தாயி, போன வருஷமும் இதானே குடுத்த இந்தப் பிள்ளைக்கு?” என்று ராவுத்தர் ஒருதரம் கேட்டார்.

“நல்லாருந்துதுல்லா மொதலாளி.”

“நல்லாத்தான் இருந்துது” என்று ராவுத்தர் தாடியைத் தடவினார். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்கக் கூடாததைக் கேட்காமலிருந்துதான் அவர் அத்தனை பெண்பிள்ளைகளுக்கு நடுவே முப்பது வருஷம் கடை நடத்தினார்.

வீட்டில் செண்பகவடிவுக்குத் துணை அவளுடைய நாத்தனார் ஆவுடை. சுடலைமுத்தின் தங்கை. முப்பத்தாறு வயது, பீடி சுற்றுகிறாள். வந்த மாப்பிள்ளையெல்லாம் தட்டிப்போய், பிறகு மாப்பிள்ளை வருகிறதும் நின்றுபோயிருந்தது. ஆவுடை வாயாடி. அண்ணியை மைனி என்றுதான் கூப்பிடுவாள், மைனிக்கும் சேர்த்து அவளே பேசிக்கொள்வாள். ஒரு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, அதுபாட்டுக்குக் கை ஓட, வாயும் ஓடும். செண்பகவடிவு சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.

சுடலைமுத்து போன பிறகு வந்த மூன்றாவது புரட்டாசியில், எதிர்பாராமல், சுரண்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வேலாயுதம், நாற்பத்தொரு வயது, வாழைக்காய் மண்டியில் இருக்கிறார், சம்சாரம் பிரசவத்தில் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது, இத்தனை நாளாய் வேண்டாம் வேண்டாம் என்றவர் இப்போது சரி என்று தலையாட்டியிருக்கிறார். நிறம் கட்டுகிற சனிக்கிழமைக்கு மறுநாள் பெண் பார்க்க வருகிறார்கள்.

“முந்தின ஞாயித்துக்கிழமை வரச் சொல்லிருக்கலாம்லா, கறுத்த முடியோட பாத்திருப்பாவ” என்றாள் தங்கபுஷ்பம், பாலை ஊற்றிக்கொண்டே. அவள் பக்கத்து வீடு.

“இல்லக்கா, வரட்டும்” என்றாள் ஆவுடை. “எங்க மைனி இருக்கா. ஊருக்கெல்லாம் சொல்லுதவ எனக்குச் சொல்லமாட்டாளா? கறுத்த முடியில பாத்தவன்லாம் ஏற்கெனவே பாத்துட்டுப் போயிட்டான்.”

செண்பகவடிவு பால் செம்பை வாங்கி உள்ளே கொண்டுபோனாள்.

“மைனி, இந்தத் தடவ எனக்கு நீதான் எடுக்கணும்” என்று ஆவுடை பின்னாலேயே வந்தாள். “போன வருஷம் நானா வெங்காயத்தோல் கலர எடுத்துக் கட்டினேன், பூண்டு மாதிரி இருந்தேன். இது கடைசி மைனி. இது போனா நான் பீடியச் சுத்திக்கிட்டே கெழவியாயிருவேன். அதுக்கும் நான் ரெடிதான். ஆனா வேண்டாம்னாலும் பாக்க வந்தவன் என்னைப் பாத்துட்டுச் சொல்லணும், அது போதும்.”

“எடுத்துருவோம்” என்றாள் செண்பகவடிவு, அடுப்பைப் பார்த்து.

சனிக்கிழமை விடிந்ததும் மேட்சிங் சென்டர் வாசலில் கூட்டம் தெருவை அடைத்தது. கஞ்சித் தலைகள் கஞ்சித் தலைகளை முட்டிக்கொண்டு நின்றன. ராவுத்தர் முந்தின நாளே தன் தாடிக்குச் சேர்த்துச் சந்தனம் எடுத்துவைத்துவிட்டார், அதனால் நிம்மதியாக விசிறிக்கொண்டிருந்தார். செண்பகவடிவு உள்ளே நின்று கைக்கு வந்ததைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உனக்கு அரக்கு, உனக்குப் புகையிலை நிறம், உனக்குப் போன தடவை கட்டினதே, அடுத்தது யாரு, உனக்குப் போன தடவை கட்டினதே. அந்தக் கூட்டத்தை முழங்கையால் பிளந்துகொண்டு ஆவுடை வந்தாள். கையில் ஒரு துணிப்பை, பைக்குள் நாளைக்குக் கட்டப்போகிற பட்டுச்சேலை. மேட்சிங் கடைக்கு யாரும் சேலையில்லாமல் வருவதில்லையே, அந்தப் பழக்கத்தில் அவளும் கொண்டுவந்திருந்தாள்.

“மைனி, நான் வந்துட்டேன்.”

செண்பகவடிவு பையிலிருந்து சேலையை எடுத்தாள். மாந்துளிர்ப் பட்டு. புது மாவிலை தளிர்விடும்போது சிவப்பாயுமில்லாமல், செம்பாயுமில்லாமல் ஒரு மினுமினுப்பு இருக்குமே, அது. முந்தி முனையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். ஒருதரம் பார்த்தாள். திரும்பாமலே கையை நீட்டினாள். இடதுபக்கம், நாலாம் தட்டு, சுவரோரம் மூன்றாவது கட்டு. உருவி, கிழித்து, சேலையோடு சேர்த்து வைத்தாள். முடிவும் தெரியவில்லை, தொடக்கமும் தெரியவில்லை.

“அடி, அச்சு அசலா இருக்கே” என்றார்கள் பக்கத்தில் நின்றவர்கள்.

“முகத்துல வச்சுப் பாக்கலயே மைனி?”

“இதான். கட்டிக்க. வெயிலு ஏறுதுக்குள்ள கட்டிரு.”

ஆவுடை ஒரு நொடி நின்றாள். பிறகு, இருபத்திரண்டு வருஷம் தப்பாத கை, அதை நம்பாமல் யாரை நம்ப என்று நினைத்தாளோ என்னவோ, அங்கேயே வாங்கித் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள். செண்பகவடிவுக்கு ஒரு வேலை முடிந்தது போல இருந்தது. அடுத்தது யாரு, உனக்குப் போன தடவை கட்டினதே.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சுரண்டைக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா வள்ளிமயில், கூட மூன்று நாலு பேர். தங்கபுஷ்பம் அந்த வருஷம் மாம்பழ நிறத் தலையோடு வாசலில் நின்று வரவேற்றாள். வெயிலைப் பேசினார்கள், வாழைக்காய் விலையைப் பேசினார்கள், பொண்ணை வரச் சொல்லுங்க என்றார்கள். ஆவுடை மாந்துளிர்ப் பட்டில், மாந்துளிர் முடியில் பூ வைத்து, காப்பித் தட்டோடு வந்தாள். எல்லாரும் டம்ளரை எடுத்துக்கொண்டார்கள். ஆவுடை தட்டை வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள். காப்பி குடித்து முடிந்தது. விசிறி ஓடியது.

“சரி, பொண்ணை வரச் சொல்லுங்க” என்றாள் வள்ளிமயில்.

“இந்தா நிக்காளே” என்றாள் தங்கபுஷ்பம்.

“எங்கன?”

“இங்கனதான். காப்பி குடுத்தாள்லா, யாரு குடுத்தான்னு நெனச்சிய?”

“தட்டு வந்துது, எடுத்துக்கிட்டேன்” என்றாள் வள்ளிமயில்.

அவள் கேலிக்குச் சொல்லவில்லை. சுவரோரம் சேலை நின்றது, வளையல் நின்றது, கனகாம்பரம் ஒரு முழம் அந்தரத்தில் நின்றது. முகம் இருக்கவேண்டிய இடத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனால் அது வழுக்கிச் சேலைக்கு வந்தது, சேலையிலிருந்து முடிக்குப் போனது, முடியிலிருந்து மறுபடி சேலைக்கு வந்தது. செல்லோடேப் சுருளில் நுனியைத் தேடுகிற மாதிரி நகத்தால் சுரண்டாத குறையாக எல்லாரும் தேடினார்கள். ஆவுடையின் மேனி நிறமும் மாநிறம். சேலையும் முடியும் ஒரே நிறமாய் ரெண்டு பக்கமும் அடைத்துக்கொண்டதில் நடுவிலிருந்த முகம் அதற்குள் போய்விட்டது. தங்கபுஷ்பமும் பார்த்தாள், அவளுக்கும் தெரியவில்லை.

“நேத்து ராத்திரி வரைக்கும் இருந்தாளே” என்றாள் மெதுவாக.

“வளையல் சத்தம் கேட்டுது” என்றார் மாப்பிள்ளை வேலாயுதம். வந்ததிலிருந்து அவர் பேசின முதல் பேச்சு அதுதான்.

“சத்தத்தைக் கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துவியாடே” என்று வள்ளிமயில் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். “நாங்க இன்னொரு நாளு வாறோம். பொண்ணுக்கு மேலுக்கு முடியல போல.”

“நான் இருக்கேன்மா” என்றார் வேலாயுதம். “சுரண்டை பஸ்ஸு இப்ப எடுக்கமாட்டான். அவுக மெதுவா வரட்டும்.”

உள்ளறையில் ஆவுடை டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். தங்கபுஷ்பம் சேலையை மாத்து, சேலையை மாத்து என்று இருந்த சேலையெல்லாம் எடுத்துப் போட்டாள். பச்சையைச் சுற்றினால் முடி மட்டும் தனியாகத் தீப்பிடித்தாற்போல் எரிந்தது, முகம் வரவில்லை. நீலத்தைச் சுற்றினால் நீலம்தான் வந்தது. மஞ்சளுக்கு மூக்குத்தி வரைக்கும் வந்து நின்றுவிட்டது. “இந்தப் பக்கம் கொஞ்சம் இருக்காப்பல தெரியுது” என்று தங்கபுஷ்பம் கையால் தடவிப் பார்த்தாள். “விடுக்கா, அது காது” என்றாள் ஆவுடை. தங்கபுஷ்பம் வந்தவர்களுக்கு இன்னொரு காப்பி போட்டு உட்காரவைக்கப் போனாள்.

செண்பகவடிவு கதவோரம் நின்றாள். அவள் கண் கீழே குவிந்த சேலைகளின் மேல் இருந்தது.

“மைனி, நேத்து கடையில என் மூஞ்சியப் பாத்தியா?”

“பாத்தேன்லா.”

“சேலையப் பாத்த.”

செண்பகவடிவு குனிந்து கீழே கிடந்த சேலை ஒன்றை மடிக்க ஆரம்பித்தாள்.

“அண்ணன் போனதுல இருந்து நீ என் மூஞ்சியப் பாக்கல மைனி. சோறு போட்டா தட்டப் பாக்க. நான் பேசினா செவுத்தப் பாக்க. நான் செவுத்துமேல பொறாமப்பட்டுக்கிட்டுக் கெடக்கேன் ரெண்டரை வருசமா.” ஆவுடையின் குரலில் அழுகை இல்லை, பீடிக்கு நூல் கட்டுகிறபோது பேசுகிற அதே குரல்தான். “ஒண்ணு கேக்கேன், கோவப்படாத. நான் இந்த வீட்ட விட்டுப் போயிரக் கூடாதுன்னு செஞ்சியா?”

பக்கத்துத் தெருவில் யாரோ ஒருத்தியைப் பற்றிக் கேட்ட கேள்வி போல செண்பகவடிவு அதை வாங்கி யோசித்துப் பார்த்தாள். கோபம் வருகிறதா என்று பார்த்தாள், வரவில்லை. இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள், அதுவும் வரவில்லை.

“தெரியல ஆவுடை” என்றாள். அது உண்மை.

“தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லு. அதுவரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன். எனக்கு வேற என்ன சோலி? மூஞ்சிகூடக் கெடையாது.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்புச் சத்தம் எந்த இடத்திலிருந்து வந்ததோ அந்த இடத்தை செண்பகவடிவு நிமிர்ந்து பார்த்தாள். கண் வழுக்கியது. சேலைக்குப் போனது, அங்கே இருந்துவிடேன் என்று சேலை சொன்னது, அங்கேயே இருந்துவிட்டால் சுகமாகத்தான் இருக்கும், ரெண்டரை வருஷமாக அங்கேதானே இருந்தாள். மறுபடி தூக்கினாள். மறுபடி வழுக்கியது. அவள் கிட்டே போய், முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, ரெண்டு கையையும் நீட்டினாள், கன்னம் கைக்குத் தட்டுப்பட்டது. அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தாள். முதலில் உதட்டுக்குக் கீழே நாடி வந்தது. பிளந்த சோழி மாதிரி நடுவில் ஒரு பள்ளம் விழுந்த நாடி. அப்புறம் எதையோ சொல்லாமல் வைத்திருக்கிறாற்போல் அழுந்தின மேலுதடு. அப்புறம் பாதியில் நின்றுபோன இடது புருவம்.

அது சுடலைமுத்தின் புருவம். சுடலைமுத்தின் நாடி. அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு என்று ஊரே சொல்லும், அவளும் ஒரு காலத்தில் சொல்லிச் சிரித்தவள்தான். ரெண்டரை வருஷமாக அந்த முகம் அந்த வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, உப்பு போடு மைனி, கரண்டு போயிருச்சு மைனி, தூங்கிட்டியா மைனி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிடாமல் இருக்கத்தான் அவள் தட்டைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், நேற்று சேலையைப் பார்த்தாள். இந்த முகமும் சுரண்டைக்குப் போய்விட்டால் இந்த வீட்டில் அப்புறம் அவர் கிடையாது. அதை அவள் இப்போதுதான் கண்டுகொண்டாள். கண்டுகொண்ட பிறகும் கையை எடுக்கவில்லை.

“என்ன மைனி?”

“பேசாத. இரு.”

வெளியே ரெண்டாவது காப்பி ஆறிக்கொண்டிருந்தது. செண்பகவடிவு வலதுபக்கம் பார்த்தாள், இடதுபக்கம் பார்த்தாள். இந்த முகம் தனியாக எழுந்து நிற்கவேண்டுமானால் பக்கத்தில் என்ன இருக்கவேண்டும் என்று கேட்டுப் பார்த்தாள். இந்தத் தடவை பதில் வந்தது.

“கொடியில காயுதே, நாவப்பழக் கலர் கைத்தறிச் சேல, அத எடு.”

“அதுவா? அது நான் பீடி சுத்துத சேல மைனி. தூளு வாசம் போகாது.”

“அதான்.”

“பொண்ணு பாக்க வந்த எடத்துல கிழிசலக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?” என்று தங்கபுஷ்பம் வாசலிலிருந்து கேட்டாள்.

நூறுதரம் துவைத்து, நாவல்பழத்தின் கறுப்பு போய், தின்ற பிறகு நாக்கில் இருக்குமே அந்த ஊதா மட்டும் நின்ற சேலை அது. ஆவுடை கட்டிக்கொண்டு மறுபடி வெளியே போனாள். மாந்துளிர் முடி ஒரு பக்கம், மங்கின ஊதா ஒரு பக்கம், ரெண்டுக்கும் நடுவே, திரையை விலக்கினாற்போல, முப்பத்தாறு வயது முகம், நாடியில் பள்ளத்தோடு.

வள்ளிமயில் நிறைய நேரம் பார்த்தாள்.

“இவ்வளவு நேரம் எங்கம்மா இருந்த?”

“இங்கதான் இருந்தேன் அத்தை” என்றாள் ஆவுடை.

வேலாயுதத்துக்குப் பீடித்தூள் நெடியில் ஒரு தும்மல் வந்தது. துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “பாத்துட்டேன்” என்றார்.

“என்னத்தடே பாத்த? உக்காரச் சொல்லி ரெண்டு வார்த்தை கேளு.”

“பாத்துட்டேன்மா. போதும்.”

தையில் முகூர்த்தம் வைக்கலாமென்று பேச்சு நடந்தது. தைக்குள்ளே முடி வளர்ந்துவிடுமா என்று வள்ளிமயில் கேட்டாள். ரெண்டு விரக்கடை வளரும், ஆலம்பேரிக் கல்யாண ஆல்பத்தில் எல்லாப் பொண்ணுக்கும் ஒட்டுமுடிதான், யாரும் வித்தியாசம் சொல்லமுடியாது என்று தங்கபுஷ்பம் சத்தியம் செய்தாள். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். மத்தியானம் ஆகுமுன் அவர்கள் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள், தங்கபுஷ்பமும் மாட்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

செண்பகவடிவு அங்கணத்தில் குழாயைத் திறந்துவிட்டு டம்ளர் கழுவ உட்கார்ந்தாள். ஆவுடை வந்து பக்கத்தில் குத்தவைத்தாள்.

“சுரண்டைதான மைனி. அரமணிக்கு ஒரு பஸ்ஸு இருக்கு.”

“தெரியும்.”

“புறப்படத்தான் அரமணி ஆகும்.”

“ம்.”

ஆவுடை கழுவின டம்ளர் ஒன்றை எடுத்துச் சேலை முந்தியால் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள்.

“அழணும்னா அழுதிரு மைனி. நான் ஒருத்திதான் இருக்கேன்.”

செண்பகவடிவு உள்ளே தேடிப் பார்த்தாள். ஊசி போட்ட கன்னத்தில் எங்கோ ஓரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு சின்னக் குறுகுறுப்பு, அவ்வளவுதான்.

“வரல” என்றாள்.

“சரி. வரும்போது வரட்டும்.”

“கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு.”

“ஏன், சேலையில எதுவும் இருக்கா?”

“இல்ல. பாக்கணும்.”

ஆவுடை டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். செண்பகவடிவு ஈரக்கையை மடியில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். குழாய்த் தண்ணீர் டம்ளர்கள் நிரம்பி, அங்கணம் நிரம்பி, ரெண்டு பேர் சேலையையும் நனைத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடியது. யாரும் எழுந்து அதை அடைக்கவில்லை.